பேரைத் தொடாதீங்க

செவ்வாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் கம்ப்யூட்டர் அரதப் பழசு. அதன் டிஸ்க் உயிரை விட்டதும் வெண்டைச் செடிகள் தலையைத் தொங்கப் போட்டன. தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜெபராணி, பூமியிலுள்ள காப்பகத்திடம் அந்த டிஸ்க்கின் நகல் கேட்டாள்.

ஒரு நகல் கேட்டால் ஒரு கூட்டமே வந்து இறங்கியது, ஒவ்வொன்றுக்கும் ஒரு பேரோடு. 'கடைசி', 'புது கடைசி', 'சத்தியமா இதான் கடைசி', 'தக்காளிக்கு சரி, வெண்டைக்கு ஆகாது', 'இதைப் போட்டா வேர் அழுகிடும்'.

கூடவே காப்பக அதிகாரி தணிகைமணியின் குரலும் வந்தது. "மன்னிச்சுக்கோங்கம்மா. இங்க பூமியில இதே மாதிரி கம்ப்யூட்டரோட மல்லுக்கட்டின தோட்டக்காரங்க இஷ்டத்துக்குப் பேர் வச்சிருக்காங்க. விதிப்படி மிஷின், வருஷம், நம்பர்னு மாத்திடறோம்."

"ஐயோ சார், அந்தப் பேரை மட்டும் தொட்டுடாதீங்க!" என்று ஜெபராணி பதறிப்போய்ப் பதில் அனுப்பினாள்.

ஒவ்வொரு பேராகப் படித்துக்கொண்டே போய், 'வெண்டை பிழைச்சிடுச்சு, சாயங்காலம் மட்டும் தண்ணியைக் குறைக்கணும்' என்ற நகலைப் போட்டாள். குழாய்கள் இரண்டு முறை இருமிவிட்டுச் சொட்டத் தொடங்கின. சாயங்காலம் மறக்காமல் தண்ணீரைக் குறைத்தாள்.

முதல் பூ விரிந்த அன்று, தன் டிஸ்க்கையும் நகலெடுத்துக் காப்பகத்துக்கு அனுப்பினாள். பேர் கேட்ட இடத்தில் நிதானமாகத் தட்டினாள்: 'செவ்வாயிலயும் பூத்துடுச்சு. தைரியமா போடுங்க.'