சும்மா இருந்த நான்கு வருடம்

அந்த நான்கு வருடத்தைப் பற்றிக் கேட்டால் சிரித்த முகமாகப் பதில் சொல்ல வேண்டும் என்று தம்பி அவளுக்குப் பாடம் எடுத்திருந்தான். அப்பாவுக்கு ஒருநாள்கூடப் படுக்கை விரிப்பை மாற்றாதவன். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணாடி முன் சிரித்துப் பழகினாள்.

நேர்காணலில் மேலாளர் அதைத்தான் கேட்டார்.

"நாலு வருஷமா வீட்ல சும்மாவா இருந்தீங்க?"

"அப்பா படுத்த படுக்கையா இருந்தாரு, நான்தான் பாத்துக்கிட்டேன். போன மாசம் தவறிட்டாரு."

"அதெல்லாம் வேலைன்னு கணக்குல வராதும்மா."

பக்கத்து அறையில் யாரோ ஸ்பூனால் டம்ளரைத் தட்டினார்கள். அப்பா அப்படித்தான் கூப்பிடுவார். எழப்போன கால்களை அவள் அழுத்தி வைத்துக்கொண்டாள்.

"நீங்க போங்க சார். யாராவது போற வரைக்கும் அப்பா நிறுத்தமாட்டாரு. விரிப்பு நனைஞ்சிருக்கும்."

மேலாளர் சட்டைக் கையை மடித்துக்கொண்டே எழுந்து போனார். சத்தம் நின்றது.

அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள்.