மருந்துப் பொருத்தம்

இப்போதெல்லாம் பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகம் கேட்பதில்லை. உடம்பில் குடியிருக்கும் கிருமிகள் எத்தனை மருந்துக்கு அடங்கும் என்றுதான் கேட்கிறார்கள். டாக்டர் மதிவதனி தன் மகள் யாழிசையின் குறிப்பை மிடுக்காக நீட்டினாள். ஒன்பது மருந்து! மாவட்டத்திலேயே அதிகம்.

மாப்பிள்ளையின் அம்மாவும் மகனின் குறிப்பைக் கொடுத்தாள். “ஒரே ஒரு குறைதாங்க. எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி ஒண்ணு இருக்கு. பேரைப் பாருங்க, உங்க பேருதான்!”

மதிவதனியின் முகம் செத்துவிட்டது. முப்பது வருட ஆராய்ச்சியில் அவள் கண்டுபிடித்த ஒரே கிருமி அது. சக விஞ்ஞானிகளோடு மல்லுக்கட்டித் தன் பெயரையே அதற்கு வைத்தவள். யாழிசையின் பிறந்தநாளை மறந்தாலும், வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் “என் மூத்த பொண்ணு” என்று அதன் படத்தைக் காட்டத் தவறாதவள்.

“ஆபத்தான கிருமியாங்க ஆன்ட்டி?” என்று மாப்பிள்ளை பாவமாகக் கேட்டான்.

அந்தக் கிருமியைத் திட்டுவதற்கு மதிவதனிக்கு வாய் வரவில்லை. “ரொம்பக் கெட்டிக்காரி” என்றுதான் வந்தது.

காப்பித் தட்டோடு வந்த யாழிசை அப்படியே திரும்பி உள்ளே நடந்தாள்.

“அதான் அக்கா ஏற்கெனவே அவரோட குடித்தனம் பண்றாளேம்மா. நான் வேற எதுக்கு?”