ஒன்றாம் தேதி

பாய்லரின் வால்வைத் திருகி மூடிவிட்டு அவர் நிமிர்ந்தபோது, சலவை ஆலை முழுவதும் பின்னால் திரண்டு நின்றது.

இஸ்திரிப் பிரிவுப் பெண்கள், துணிவண்டி தள்ளுபவர்கள், நடுவில் பரிசுப் பொதியோடு மேற்பார்வையாளர்.

“நாளைக்குத்தானே எனக்குக் கடைசி நாள்?” என்றார் அவர்.

“பாய்லரைப் பிரிய மனசு வரலைன்னா வீட்டுக்கே தூக்கிட்டுப் போங்கண்ணே. அண்ணிகிட்ட நாங்க பேசிக்கிறோம்,” என்றாள் இஸ்திரிக்காரி ஒருத்தி. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அவர் சிரிக்கவில்லை. அன்று மாதத்தின் கடைசி நாள்.

ஆட்குறைப்பில் தம் பெயர் வந்தபோது அவர் யாரோடும் மல்லுக்கு நிற்கவில்லை. மருத்துவக் காப்பீடு என்னவாகும் என்று மட்டும் அலுவலகத்தில் விசாரித்தார். வேலையை விடுகிற மாதம் முடியும்வரை அது இருக்கும். அதன் பிறகும் தொடரலாம்; ஆனால் நிறுவனம் இதுவரை கட்டிவந்த பங்கையும் அவரே கட்ட வேண்டும். அந்தத் தொகை அவர் சக்திக்கு மீறியது.

மனைவிக்கு இதய அறுவை சிகிச்சை அடுத்த மாத நடுவில்.

ஒன்றாம் தேதி ஒரு நாள் வேலை பார்த்துவிட்டால் போதும், அந்த மாதம் முழுவதும் காப்பீடு கைகொடுக்கும். புது ஆளைப் பழக்க வேண்டும் என்று சாக்குச் சொல்லி அந்த ஒரு நாளைக் கேட்டு வாங்கினார். மேலிடம் அறிந்தால் அந்த வழியும் அடைபடுமே என்று உண்மையைப் பற்றி மூச்சுவிடவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. பணச் சிக்கல் என்று காதில் விழுந்தால், அறுவை சிகிச்சையே வேண்டாம் என்று அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள்.

“நாளைக்கு நான் வந்தே ஆகணும் சார்.”

மேற்பார்வையாளர் நல்ல மனிதர். அவர் தோளை அணைத்துக்கொண்டார். “புது ஆளை நான் பாத்துக்கிறேன். மத்தியானமே தலைமை ஆபீஸ்ல பேசி உங்க வேலையை இன்னையோட முடிச்சாச்சு. நாளைக்கு நீங்க வந்தாலும் கேட் திறக்காது.”

“இன்சூரன்ஸும் இன்னையோட போயிடும் சார்.”

அடங்கிய குரலில்தான் சொன்னார். ஆனாலும் சிரிப்பு நின்றுவிட்டது. மேற்பார்வையாளரின் கை தோளிலிருந்து நழுவியது. கைபேசியை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய்த் தலைமை அலுவலகத்திடம் நெடுநேரம் மன்றாடினார். ஒருமுறை மூடிய பதிவைத் திறக்க வழியில்லை என்றார்கள். திரும்பி வந்தவரின் முகத்தில் ஈயாடவில்லை.

“உங்களை யார் சார் இப்படிச் செய்யச் சொன்னது?”

மேற்பார்வையாளர் பரிசுப் பொதியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க வீட்டுல இருந்து போன் பண்ணாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு நாளாவது நீங்க பக்கத்துல இருந்தா தைரியமா இருக்கும்னு கேட்டாங்க.”

திருமணமான நாளிலிருந்து அவள் தனக்கென்று யாரிடமும் எதையும் கேட்டதில்லை.