விரிப்பின் மறுமுனை

நிலவறைச் சலவையறையின் நடுவே நின்று மார்கிட் வெள்ளைப் படுக்கை விரிப்பின் மறுமுனையைக் காற்றிடம் நீட்டுகிறாள். "நல்லா புடிச்சுக்கடி, ஹில்மா." துணி தரையில் விழுகிறது. கோபமில்லாமல் எடுத்து மறுபடி நீட்டுகிறாள். எங்கள் கட்டடத்தில் விரிப்பை இருவர் எதிரெதிரே நின்று இழுத்துத்தான் மடிப்போம். அவள் எதிரே யாருமில்லை. பக்கத்து வீட்டுக்காரி; மூன்று வருடமாகச் சுவரோடு உரக்கச் சண்டை போடுகிறாள், எந்த மருத்துவரையும் வாசலைத் தாண்ட விட்டதில்லை. அவளை வெளியேற்றச் சொல்லிக் கட்டடத்தில் எல்லாரும் கையெழுத்திட்ட கடிதம் என் பையில் இருக்கிறது. என் கையெழுத்து மட்டும் பாக்கி. மேல் சன்னலில் பனியின் வெளிச்சம். இயந்திரம் சுற்றும் ஓசை. துணி மூன்றாம் முறை விழுமுன் நான் போய் அதைப் பிடிக்கிறேன். அவள் இழுக்கிறாள். அந்த மெலிந்த கைகளில் அத்தனை பலம். என்னைச் சாய்க்காத, அளந்த பலம். எங்களுக்கு நடுவே துணி விறைத்து, உறைந்த ஏரி போல ஒளிர்கிறது.

"ஹில்மா கை சில்லுனு இருக்கும். நீ யாரு?"

"பக்கத்து வீடு. சுவருக்கு அந்தப் பக்கம்."

"அப்ப சுவருக்குள்ள அவங்க பேசறது உனக்கும் கேக்குமே?"

"நீ பேசறதுதான் கேக்குது."

"ஐயோ பாவம்," என்று சிரிக்கிறாள்.

கதவருகே, கடிதத்துக்குக் கையெழுத்து வாங்கும் குன்னெல், பேனாவோடு. "கையெழுத்து போட்டியா இல்லையா? சாயங்காலம் அனுப்பணும்."

"அவகிட்ட அப்புறம் பேசு," என்கிறாள் மார்கிட், துணியிலிருந்து கண்ணெடுக்காமல். "இன்னும் ஒம்பது விரிப்பு இருக்கு."

நான் பிடியை விடவில்லை.