கரி படிந்த அடுக்கு

பேராசிரியரின் பொன்னாடை அவள் பையில் இருந்தது.

அவருக்குப் போர்த்துவதற்காக அவரே வாங்கியது. விழாக்குழு மறந்துவிடக்கூடும் என்ற முன்னெச்சரிக்கை. பேராசிரியர் அறவாழி எதையும் தற்செயலுக்கு விடுவதில்லை. ஆய்வு முடிவுகளையும்தான்.

குகைக்குள் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். வௌவால்கள் அதற்கு ஏற்கெனவே மரியாதை செய்திருந்தன.

நடுவில் அந்தக் கல். இடுப்பளவு உயரம். கூரையிலிருந்து சொட்டும் நீர் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போக, அடுக்கடுக்காக வளர்ந்தது. மழை கொழித்தால் அடுக்கு தடிக்கும். பொய்த்தால் மெலியும். விரல் பருமனுக்குத் துளையிட்டு எடுத்து, பல நூற்றாண்டு மழையை அதிலிருந்து படித்திருந்தார்கள்.

படித்தவள் அவருடைய ஆய்வு மாணவியான அவள். அறிவிக்கப்போகிறவர் அவர்.

ஆகத் தடித்த அடுக்கு, இந்த மலையை ஆண்ட குறுநில மன்னன் ஒருவன் காலத்தில் விழுந்திருந்தது. கல்வெட்டு அவனை ‘மழை தந்த பெருமான்’ என்றது. பட்டத்தை அவனே கொடுத்துக்கொண்டிருக்கலாம். அந்த வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை.

பேராசிரியர் கல்வெட்டுக்கும் கல்லுக்கும் முடிச்சுப் போட்டுவிட்டார். அமைச்சருக்கோ அந்த மன்னன் தன் வம்சம் என்று ஒரு நம்பிக்கை. குகை வாசலில் மன்னனுக்குச் சிலை எழும்பிவிட்டது. திறப்பதற்கு முன் ஆய்வு முடிவை வாசிக்க வேண்டும். வாசிக்கப்போகும் தாளில் பேராசிரியர் பெயரும் அவள் பெயரும் இருந்தன.

அவள் பெயர்தான் அவளை உறுத்தியது.

தடித்த அடுக்குகளை அவள் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்திருந்தாள். ஒவ்வொன்றிலும் மயிரிழை மயிரிழையாகக் கரி. விளக்கேற்றினால் படிகிற கரி. மெலிந்த அடுக்குகளில் அது மருந்துக்கும் இல்லை.

மழை பெய்த வருடங்களில் ஒருவருக்கும் சாமி ஞாபகம் வரவில்லை.

பெய்யாத வருடங்களில் விளக்கோடு வந்திருக்கிறார்கள். கீழே கிணற்றில் மிச்சமிருந்ததை இறைத்து, மலையேற்றிச் சுமந்துவந்து, இந்தக் கல்லின் தலையில் ஊற்றி மழை கேட்டிருக்கிறார்கள். அந்தக் கிணற்று நீரிலும் சுண்ணாம்பு. கல் பேதம் பார்க்காமல் தடித்துக்கொண்டே போயிருக்கிறது.

மன்னன் காலத்தில் பெய்தது மழை அல்ல, குடம்.

இந்த மலை கண்ட ஆகப் பெரிய பஞ்சம் அவனுடையது.

அவள் சொல்லிப் பார்த்தாள். வௌவால் எச்சம் என்றார் பேராசிரியர். வரைபடத்தைக் காட்டினாள். நன்றாக இருக்கிறது, தலைகீழாகப் பிடித்திருக்கிறாய் என்றார். காலையில் ஜீப்பில் வரும்போது, தன் பெயரையாவது எடுத்துவிடச் சொல்லிக் கேட்டாள். எடுத்தால் அவளுடைய முனைவர் பட்டத்துக்கு வேறு வழிகாட்டியைத் தேடிக்கொள்ள நேரிடும் என்பதை, அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, வெயில் அதிகம் என்பதுபோலச் சொன்னார்.

வெயிலும் அதிகம்தான். இந்த வருடமும் மழை இல்லை.

வாசலில் ஒலிபெருக்கியின் கீழே பெண்கள் காலிக் குடங்களோடு நின்றிருந்தார்கள். மலைப்பாதையில் தண்ணீர் லாரி ஏறுவதைப் பார்த்துப் பின்னாலேயே வந்தவர்கள்.

லாரி கல்லுக்கு வந்திருந்தது.

அமைச்சரின் யோசனை. பார்த்தால் லிங்கம் மாதிரியே இருக்கிறதே, ஓர் அபிஷேகம் செய்துவிட்டால் மழை வராதா என்று கேட்டிருந்தார். விஞ்ஞானத்துக்கு ஏதும் ஆட்சேபணை உண்டா என்றும் பெருந்தன்மையாக விசாரித்திருந்தார்.

விஞ்ஞானம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் குடத்தை வாங்கியது.

பேராசிரியர் ஊற்றினார். அமைச்சர் ஊற்றினார். பிறகு மாவட்டம் ஊற்றியது, ஒன்றியம் ஊற்றியது, கிளை ஊற்றியது. கல்லில் வழிந்த தண்ணீர் கம்பளத்தை நனைத்தது.

குருக்கள் கற்பூரத் தட்டை ஏற்றினார்.

காற்றில்லாத குகை. கரும்புகை எழுந்து, போக்கிடம் தெரியாமல் கொஞ்ச நேரம் நின்று, ஈரக் கல்லின் மேலேயே இறங்கியது.

பேராசிரியர் பக்தியோடு கல்லைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

இரண்டு இமையிலும் மை தீட்டியதுபோல் கரி.

அவர் அதைப் பார்க்க முடியாது. அவள் பார்த்தாள்.

பையிலிருந்து பொன்னாடையை எடுத்து அமைச்சர் கையில் கொடுத்தாள். அமைச்சர் போர்த்தினார். பொன்னாடையைக் கலைக்க மனமில்லாமல், முடிவை வாசிக்கும்படி பேராசிரியர் தாளையும் மைக்கையும் அவளிடம் நீட்டினார்.

அவள் தாளை மடித்துக்கொண்டாள்.

“இந்தக் கல்லுல தடிச்ச அடுக்கு எப்ப விழும்னா, மழை பெய்யாதப்ப விழும். ஜனங்க தவிச்சுப்போய், தண்ணி சுமந்துவந்து ஊத்துறப்ப விழும். மன்னர் காலத்துல அப்படித்தான் விழுந்திருக்கு. நமக்குப் புரியணும்னு சார் இப்ப அவரே செஞ்சு காட்டினாரு.”

பேராசிரியர் வாயைத் திறந்தார்.

அதற்குள் கைத்தட்டல் வந்துவிட்டது. முன்வரிசையில் யாரோ எழுந்துகூட நின்றார்கள். கைத்தட்டலுக்கு எப்போதும் செய்வதை அவர் கைகள் செய்தன. கூப்பிக்கொண்டன.

மறுக்க வேண்டுமானால் முதலில் அவற்றை இறக்க வேண்டும்.

அவர் இறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில், இது எத்தனை வருட உழைப்பு என்பதைப் போலத் தலையையும் அசைத்தார்.

எல்லோரும் வெளியே வந்தார்கள்.

சிலையைத் துணி மூடியிருந்தது. பீடத்தில் துணி விலகிய இடத்தில் ‘மழை தந்த’ வரைக்கும் பொன்னெழுத்து. அமைச்சர் கையில் கயிற்றைக் கொடுத்தார்கள். புகைப்படக்காரர் தயாரானார்.

ஒலிபெருக்கியின் கீழே நின்று அவள் சொன்னதைக் கேட்ட பெண்கள் அப்படியே நின்றார்கள். குடங்களைக் கீழே வைத்துவிட்டு அமைச்சரையே பார்த்தார்கள்.

அவர்களுக்குப் பின்னால் லாரி காலியாக, குலுங்கிக்கொண்டு, மலையிறங்கியது.

அமைச்சர் கயிற்றை இழுக்காமல் பிடித்தபடி பேராசிரியரைத் தேடினார்.