பெட்டியில் வந்தவன்

சூசையண்ணன் ஆசைப்பட்டு ஒரு குட்டி லேத், அதான் கடைசல் மெஷின், வாங்கினார். அதோடு கையிருப்பு தீர்ந்துபோச்சு. கூட உலோகத்தைச் சீவுற புது டூல் ஒண்ணே ஒண்ணுதான் வாங்க முடிஞ்சுது.

அந்த டூல் எத்தனை தடவை சுழலும் பித்தளைத் துண்டின் முகத்தைச் சீவினாலும் நட்டநடுவில் ஒரு பரு நின்றது. அண்ணன் வெறுத்துப்போனார். "இன்னைக்கும் இப்படின்னா எல்லாத்தையும் காயலான் கடைக்கு ஏத்திடுவேன்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

லேத் நடுங்கிப்போய், "ஏலே டூலு, நீ ஒரு மயிரிழை தாழ்ந்து நிக்கிறே. அதான் நடுவை எட்டலை. கீழே கிடக்கானே ஒடிஞ்ச ரம்பப் பிளேடு, அவன் மேல ஏறி நில்லு" என்றது.

"குப்பை மேலயா? நான் பெட்டியில வந்தவன்!"

பிளேடு சிரித்தது. "காயலான் கடைக்குப் போனா எல்லாருக்கும் ஒரே சாக்குதான் மாப்ளே. ஏறு."

டூல் முனகிக்கொண்டே ஏறியது.

அண்ணன் வந்து சுவிட்சைத் தட்டினார். பொன்தூள் பறந்தது. பரு நின்ற இடத்தில் அவர் முகமே பளபளவென்று தெரிந்தது. "அடி சக்கை!" என்று துள்ளினார்.

"யாராச்சும் கேட்டா நானேதான் எட்டினேன்னு சொல்லுவேன்" என்றது டூல்.

"தாராளமாச் சொல்லிக்கோ மாப்ளே. இறங்கி நின்னு மட்டும் சொல்லாதே!"