தண்ணீர் கேனைத் திருடியவன்

"நல்லாக் கேட்டுக்க பாபு. அந்தத் தண்ணி கேனத் திருடுனது வேற யாரும் இல்ல. படகோட்டி சிலுவைதான்" என்றார் லோகநாதன், வேண்டுமென்றே குரலை உயர்த்தி.

பாபு ஓரக்கண்ணால் ஜன்னலோர நாற்காலியைப் பார்த்தான். அதில் உட்கார்ந்திருந்த வேம்புலி அசையவில்லை.

சேக்காட்டில் வேம்புலியின் வீடு அது. மூவருக்கும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே லேத் பட்டறையில் வேலை. டிவியில் வெள்ளிதோறும் 'உப்புத் தீவு' தொடர் வர ஆரம்பித்ததிலிருந்து, சனிக்கிழமை காலை ஆவடியில் ரயில் ஏறினால் இறங்குகிற வரைக்கும் அதே பேச்சுதான். படகு உடைந்து ஆளில்லாத தீவில் மாட்டிக்கொண்ட ஒன்பது பேரில் யார் பிழைப்பார்கள், யார் கதை முடியும் என்று இவர்கள் போடுகிற கூச்சலில், பக்கத்து சீட்டு ஆட்கள் அடுத்த பெட்டிக்கு மாறிக்கொள்வார்கள்.

வேம்புலிக்குச் சிலுவை என்றால் உயிர். அவனை யாராவது குறை சொன்னால் போதும், வேம்புலியின் வாயிலிருந்து வருகிற வசவுகளுக்கு அவர் மனைவி அங்கம்மா காதைப் பொத்திக்கொள்வாள்.

வினை வந்ததும் அந்தச் சிலுவையால்தான். "உன் ஆளு ஒரு திருட்டுப்பய மாமே" என்று லோகநாதன் ஒருநாள் விளையாட்டாகச் சொல்ல, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார் வேம்புலி. மறுநாள் காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றோடு நாற்பத்து மூன்று நாள்.

சும்மா இருந்த வாயை ஏன் கொடுத்தோம் என்று லோகநாதன் நொந்துகொள்ளாத நாள் இல்லை. இருபத்தாறு வருஷப் பழக்கம். இன்றைக்கு எப்படியாவது அந்த மனுஷனைப் பேச வைத்துவிட வேண்டும் என்றுதான் பாபுவையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தார்.

அங்கம்மா டீ கொண்டுவந்தாள். "நீங்க மனசுல ஒண்ணும் வச்சிக்காதீங்கண்ணே. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. சும்மா பேசிகினு இருங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வேம்புலி இடது கையை நீட்டித் தன் டம்ளரை எடுத்துக்கொண்டு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இன்னா அண்ணாத்தே இப்டி சொல்ற?" என்று பாபு எடுத்துக்கொடுத்தான். "சிலுவை தன் பங்குத் தண்ணியவே அந்த ஜுரம் வந்த பொண்ணுக்குக் குடுத்துட்டு மயக்கம் போட்டு வுழுந்தானே. அவனா திருடுவான்?"

"அதெல்லாம் நடிப்புடா. அஞ்சு லிட்டர் கேனப் பாறைக்குப் பின்னால தூக்கிகினு போயி, அவன் ஒருத்தனே குடிச்சிட்டு வந்து படுத்துகினான். வயிறு முட்டுன மயக்கம் அது."

வேம்புலியின் தலை லேசாகத் திரும்பியது. பார்வையில் அனல் பறந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை.

 இந்த மனுஷனுக்குக் கோபம் வந்தால் என்ன ஆகுமோ என்று லோகநாதனுக்குப் பயமாக இருந்தது. இருந்தாலும் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டதே.

"அந்தப் பொண்ணுக்கு ஜுரம் எப்டி வந்துச்சு? சிலுவைதான் கடல்ல தள்ளி உட்டான்."

"அப்டியா அண்ணாத்தே?"

"பின்ன? அவன் நல்லவனா இருந்தா கரைல எதுக்குத் தனியா குந்திகினு கீறான்? கணக்குப் போட்டுகினு கீறான்டா, அடுத்து யாரத் தள்ளலாம்னு."

டம்ளர் சாய்ந்தது. டீ சிந்தி லுங்கியில் வழிந்தது. வேம்புலியின் உதடு ஒருபக்கமாகக் கோணித் துடித்தது.

லோகநாதன் கண்ணை மூடிக்கொண்டு, தொடரில் வராத ஒரு பெரும் பொய்யை எடுத்துவிட்டார். "படகுல ஓட்ட போட்டதே சிலுவைதான். வெள்ளிக்கிழம எபிசோட்ல அவனே ஒத்துகினான். நீ பாக்கல?"

டம்ளர் தரையில் விழுந்து உருண்டது.

"பொ... பொய்யி..." என்றார் வேம்புலி. மூச்சு வாங்கியது. லோகநாதனை விழுங்கிவிடுவதுபோலப் பார்த்தார். "பொய்யி... பே... பேமானி..."

பாபு எழுந்து நின்றுவிட்டான். லோகநாதனுக்குக் கண்ணெல்லாம் நீர். ஓடிப்போய் வேம்புலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு தபா திட்டு மாமே. நல்லாத் திட்டு."

"பேமானி..." என்றார் வேம்புலி. இந்தமுறை அவ்வளவாகத் திக்கவில்லை. அதற்கடுத்து வந்தது இன்னும் தெளிவாக இருந்தது. அது அச்சில் ஏற்ற முடியாத வார்த்தை.

நாற்பத்து மூன்று நாளாக லோகநாதனின் நெஞ்சில் கிடந்த பாறாங்கல் அந்த வார்த்தையோடு இறங்கிப்போனது. சிரிப்பும் அழுகையுமாக, "சிலுவை நல்லவன் மாமே, சொக்கத் தங்கம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

சத்தம் கேட்டு ஓடிவந்த அங்கம்மா இன்று காதைப் பொத்திக்கொள்ளவில்லை. போனை எடுத்து ஒரு நம்பரை அழுத்தினாள்.

"மேடம், எங்க ஊட்டுக்காரு பேசிட்டாரு மேடம். பேச்சுப் பயிற்சில நீங்க சொன்னாப்லயே அவருக்குப் புடிச்ச விஷயத்த எடுத்துப் பேசுனோம். பக்கவாதம் வந்ததுலேர்ந்து இதான் மேடம் மொத தபா வாயத் தொறக்குறாரு... இன்னா வார்த்த சொன்னாரா? அத்த மட்டும் கேக்காதீங்க மேடம்."